எட்டு மணிக்கு எந்த சீரியல்? ஒரே கதை, தமிழிலா மலையாளத்திலா?

மகளுக்கு இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. மார்ச்சில் பரீட்சை முடிகிறவரைக்கும் வீட்டில் டிவி ராத்திரி எட்டிலிருந்து ஒன்பதுவரைதான் என்று ஜூன் மாதமே பேசி முடித்துவிட்டோம். முன்பெல்லாம் ஆறரைக்குப் போட்டால் பத்தரைக்குத்தான் நிறுத்துவோம். இப்போது மொத்தமே ஒரு மணி நேரம். விளம்பரம் போக ஒரு எபிசோடு இருபது, இருபத்திரண்டு நிமிஷம் வரும். நடுவில் அத்தைக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், எனக்கு அடுப்படி வேலை இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம் வந்துவிடும். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து. நான் உடுமலைப்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எனக்கு மலையாளம் சொல்லிக்கொடுத்தது ஏஷியாநெட் சீரியல்களும், பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் சொன்ன அத்தையும்தான். அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் எந்தக் கதை என்பது பாதிக் கேள்வி. ஒரே கதை விஜய் டிவியிலும் ஓடும், ஏஷியாநெட்டிலும் ஓடும். எந்த மொழியில் பார்ப்பது என்பது மீதிப் பாதி.

1999 டிசம்பரில் சன் டிவியில் ‘சித்தி’ ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ராதிகாவும் சிவக்குமாரும் வரும் அந்த அரை மணி நேரத்தில் எங்கள் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. அன்றிலிருந்து இன்றுவரை விடாமல் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, கதையை நம்பி சீரியலைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம் என்பது. வருஷக்கணக்கில் ஓடும் சீரியலில் பெரிய திருப்பம் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். மற்ற நாளெல்லாம் காபி போடுவார்கள், துணி மடிப்பார்கள், ஹாலில் வரிசையாக நின்று பேசுவார்கள். அந்த ஒன்றும் நடக்காத நாளில் நம்மை உட்கார வைக்கிறவர்தான் என் கணக்கில் நல்ல நடிகர். அதற்கு முகமும் குரலும் ஒட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டு அந்த முகம் மாற வேண்டும்.

சீரியல் செட்டில் பிராம்ப்டிங் என்று ஒன்று உண்டு. வசனத்தை ஓரத்தில் நின்று ஒருவர் படிப்பார், நடிப்பவர் அதைக் கேட்டுச் சொல்வார். வாரத்துக்கு ஆறு எபிசோடு கொடுக்க வேண்டிய இடத்தில் மனப்பாடம் செய்ய நேரம் ஏது? அதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மொழி தெரிந்தவர் காதில் விழுந்ததை வாங்கித் தன் பேச்சாக்கிவிடுவார். தெரியாதவர் சத்தத்தை மட்டும் திருப்பிச் சொல்லுவார், அப்புறம் டப்பிங்கில் இன்னொருவர் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். கண்ணைக் கவனித்தால் தெரிந்துவிடும். “உங்கப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு” என்று எதிரில் இருப்பவர் சொல்லி முடித்து அரை நொடி கழித்துத்தான் முகத்தில் அதிர்ச்சி வரும். தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்த அரை நொடி போதும், மனசு விலகிவிடும்.

இதை மனசில் வைத்துக்கொண்டு இரண்டு மொழியிலும் வந்த கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

முதலில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’. 2018இல் விஜய் டிவியில் ஆரம்பித்தது. குன்றக்குடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள், அவர்களைப் பிள்ளைகளாக வளர்த்த அண்ணி. இதே கதை 2020 செப்டம்பரில் ஏஷியாநெட்டில் ‘சாந்த்வனம்’ ஆனது. தமிழில் அண்ணி தனமாக சுஜிதா. தெலுங்கில் ‘வதினம்மா’ என்று எடுத்தபோதும் அண்ணியாக அவரைத்தான் போட்டார்கள். மலையாளத்தில் சிப்பி. சுஜிதா குழந்தை நட்சத்திரமாக இருந்ததிலிருந்தே கேமராவோடு வளர்ந்தவர். மற்றவர்கள் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டு நிற்கும் விதமே நடிப்பு. சிப்பி இன்னும் அடக்கம். கோபத்தைக்கூடக் குரலை இறக்கித்தான் காட்டுவார். இந்த இரண்டு அண்ணிகளில் யார் உசத்தி என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

வித்தியாசம் மூன்றாவது ஜோடியில் இருக்கிறது. கதிரும் முல்லையும் விருப்பமில்லாமல் கட்டிவைக்கப்பட்டு, சண்டை போட்டுச் சண்டை போட்டே நெருங்கி வருவார்கள். சித்ரா முல்லையாக வந்த நாட்களில் அந்த வீட்டுக்கே ஒரு வெளிச்சம் இருந்தது. 2020 டிசம்பரில் அவர் இறந்துபோன செய்தி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் டிவியே போடவில்லை. அவருக்குப் பிறகு காவ்யா வந்தார், அப்புறம் லாவண்யா வந்தார். இருவரும் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் மனசு கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதுதான் கதை என்றால், அது ஒரே முகத்தில் நடந்தால்தான் நமக்குப் புரியும். சாந்த்வனத்தில் இதே ஜோடியாக, சிவனாக சஜினும் அஞ்சலியாக கோபிகாவும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரைக்கும் இருந்தார்கள். முதல் ஐம்பது எபிசோடில் அஞ்சலி முறைத்த முறைப்பை மனசில் வைத்துக்கொண்டு ஐந்நூறாவது எபிசோடைப் பார்க்கலாம். இந்த ஜோடியில் என் ஓட்டு மலையாளத்துக்கு, தயக்கமே இல்லை.

அடுத்தது வேறு திசையில் போன கதை. ஏஷியாநெட்டில் 2014இல் ‘கறுத்தமுத்து’ என்று வந்ததைத்தான் தெலுங்கில் ‘கார்த்திக தீபம்’ என்றும், தமிழில் 2019இல் ‘பாரதி கண்ணம்மா’ என்றும் எடுத்தார்கள். கறுப்பு நிறத்துப் பெண், டாக்டர் மாப்பிள்ளை, சந்தேகம், பிரிவு. தமிழில் கண்ணம்மாவாக வந்த ரோஷிணி கைப்பையை மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் நடந்தது ஊருக்கே தெரியும். இரண்டு மொழியிலும் எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. புருஷன் டாக்டர். குழந்தை தன்னுடையதா என்ற சந்தேகத்தை ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் சில நாளில் தீர்த்துவிடும். அதை எடுக்க விடாமல் வருஷக்கணக்கில் இழுத்தார்கள். பார்க்கிறவர்களுக்கு இதுகூடத் தெரியாது என்று நினைத்தால்தான் இப்படி இழுக்க முடியும். அந்த நினைப்புதான் எனக்கு வலித்தது. இன்னொன்றும் இருக்கிறது. என் மகள் மாநிறத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஆறேழு வயசில் ஒரு நாள், “அம்மா, அந்த அக்கா நிஜமாவே கறுப்பா, இல்ல பூசியிருக்காங்களா?” என்று கேட்டாள். மேக்கப்பில் நிறம் ஏற்றியிருக்கிறார்கள் என்றேன். “அப்ப கறுப்பா இருக்கறவங்களையே போட்டிருக்கலாமே” என்றாள். நடிகர் தேர்வைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கறுத்தமுத்துவில் மகளாக வந்த குட்டிப் பெண் அக்ஷரா கிஷோருக்காக அத்தை இன்னும் அந்தப் பழைய எபிசோடுகளைக் கேட்பார்கள். அந்தக் குழந்தை வசனம் பேசிய அழகு அப்படி. இருந்தாலும் இந்தக் கதையை இரண்டு மொழியிலும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

மேக்னா வின்சென்டையும் இங்கே சொல்ல வேண்டும். ‘தெய்வம் தந்த வீடு’ தமிழில், ‘சந்தனமழ’ மலையாளத்தில், இரண்டிலும் அதே மருமகள் வேஷம், அதே பெண். ஆனால் தமிழில் மாமியாராக சுதா சந்திரன். பெரிய கண், பெரிய பொட்டு, ஒரு பார்வை பார்த்தாலே காட்சி அவர் பக்கம் சாய்ந்துவிடும். அவர் முன்னால் மேக்னா சின்னதாகத் தெரிவார், கதைக்கும் அதுதான் தேவை. மலையாளத்தில் ரூபஸ்ரீ மாமியார். அங்கே மேக்னாவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஒரே நடிகை, ஒரே கதை. எதிரில் நிற்பவர் மாறினால் நடிப்பே மாறுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான்.

இனி எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்த ஜோடி. ‘பாக்கியலட்சுமி’யும் ‘குடும்பவிளக்கு’ம். இரண்டுக்கும் மூலம் வங்காளத்து ‘ஸ்ரீமொயி’. இந்தியில் ‘அனுபமா’ என்று ஓடுவதும் இதுதான். 2020 ஜனவரியில் ஏஷியாநெட்டில் மீரா வாசுதேவன் சுமித்ராவாக வந்தார், அதே வருஷம் ஜூலையில் விஜய் டிவியில் சுசித்ரா பாக்கியாவாக வந்தார். குடும்பத்துக்கே உழைத்துத் தேய்ந்த ஒரு பெண், அவளை மதிக்காத புருஷன், அவன் வாழ்க்கையில் இன்னொருத்தி. இதைத் தெரியாத வீடு கிடையாது.

முதலில் புருஷனைப் பார்க்க வேண்டும். இந்தக் கதை நிற்பதும் விழுவதும் அவனிடம்தான். தமிழில் கோபியாக வந்த சதீஷ் குமார் செய்தது சின்ன வேலை கிடையாது. பொய் சொல்லும்போது அந்த மனுஷனுக்கு வேர்க்கும், குரல் ஏறும், திடீரென்று பாக்கியாவிடம் பாசமாகப் பேசுவார். கெட்டவன் என்று ஒதுக்கவும் முடியாது, பாவம் என்று விடவும் முடியாது. இப்படி ஒருவரை நாம் எல்லோருமே கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்திருப்போம். மலையாளத்து சித்தார்த் கொஞ்சம் விறைப்பு. கோபம் வரும்போது மட்டும்தான் அவர் நமக்குக் கிடைப்பார்.

ஆள் மாறியதில் இரண்டு பக்கமும் பழி உண்டு. தமிழில் அந்த இன்னொருத்தி ராதிகா. அந்த வேஷத்தில் முதலில் ஜெனிஃபர், பிறகு ரேஷ்மா. மலையாளத்து வேதிகாவுக்கு மூன்று நடிகைகள். இந்த இடத்தில் மாற்றம் அவ்வளவாக உறுத்தவில்லை. இன்னொருத்தியின் முகம் மாறினாலும் அடுப்படியில் நிற்பவளின் முகம் மாறவில்லையே.

அந்த அடுப்படிதான் எனக்கு முக்கியம். பாக்கியாவுக்கு இங்கிலீஷ் வராது, அதற்காகப் பெற்ற பிள்ளைகள் முன்னாலேயே அவமானப்படுவாள். மாமியார் பெயரில் ஈஸ்வரி மசாலா என்று தொழில் ஆரம்பிப்பாள். மசாலா வறுக்கிற காட்சிகளில் சுசித்ரா கரண்டி பிடிக்கும் பிடியைப் பாருங்கள். தினமும் நாலு பேருக்குச் சமைக்கிற கை அது. பேசிக்கொண்டே அடுப்பைக் குறைப்பார், சேலைத் தலைப்பில் கையைத் துடைப்பார், பேச்சு எங்கும் தடுக்காது. குரல் முகத்தோடு ஒட்டியிருக்கிறது. பெரிய அழுகைக் காட்சிகளைவிட இந்த மாதிரி நாட்களில்தான் அவர் ஜெயித்தார். மீரா வாசுதேவனின் பலம் வேறு. சினிமாவில் மோகன்லாலோடு ‘தன்மாத்ரா’வில் நடித்தவர். அழாமல் தாங்கிக்கொண்டு நிற்பது அவருக்கு அருமையாக வரும். சுமித்ரா வாய் திறக்காமல் ஒரு எபிசோடைத் தூக்கி நிறுத்திவிடுவார்.

கதை எங்கே பிரிகிறது என்றால், சுமித்ரா பிற்பாடு ரோஹித் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பாக்கியா செய்துகொள்ளவில்லை. அந்தக் கல்யாண எபிசோடு வந்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன். பேரன் பேத்தி எடுத்த வயசில் அந்தப் பெண் மாலையோடு நிற்கிறாள். அத்தை பக்கத்தில் இருக்கிறார்கள், என்ன சொல்லப்போகிறார்களோ என்று எனக்குப் பயம். மாமா தவறியபோது அத்தைக்கு முப்பத்து நாலு வயசு. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தென்னந்தோப்பைத் தனியாகப் பார்த்தவர்கள். விளம்பரம் வரும்வரை பேசவே இல்லை. அப்புறம், “நல்லதுதான் பண்ணுச்சு கண்ணு அந்தப் புள்ள. ஒத்தையில கெடந்து என்ன பண்ணும்?” என்றார்கள். எழுந்துபோய்த் தண்ணி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு சீரியல் செய்யக்கூடிய நல்ல காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் துணிச்சலுக்காகக் குடும்பவிளக்குக்கு எப்போதும் என் மரியாதை உண்டு.

சரி, ரீமேக்கே வேண்டாம், தமிழிலேயே பிறந்த கதை என்றால்? திருமுருகனின் ‘மெட்டி ஒலி’க்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன். டெல்லி குமாரின் அந்த அப்பா, ஐந்து பெண்கள், ஒவ்வொரு மாப்பிள்ளை வீட்டிலும் ஒவ்வொரு பிரச்சினை. வில்லத்தனம் என்று தனியாக எதுவும் தேவைப்படாத கதை. திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ 1500 எபிசோடு தாண்டியது, அதை இப்போது ஆரம்பித்தால் மகள் காலேஜ் முடித்துவிடுவாள். அதே திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’தான் சமீப காலத்தில் என்னை அசைத்தது. ஆதி குணசேகரனாக மாரிமுத்து. தேனி மாவட்டத்துக்காரர், தன் குரலிலேயே பேசினார். “ஏம்மா ஏய்” என்று அவர் இழுக்கும்போது வீட்டு ஆம்பிளைகளே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 2023 செப்டம்பர் 8 காலையில் இதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது, அன்றே போய்விட்டார். அவர் இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெருநாழிக்காரர், அவருக்கென்று ஒரு கம்பீரம். அவர் மாரிமுத்துவைப் போல் செய்யப் பார்க்கவில்லை, அது சரியான முடிவு. ஆனாலும் குணசேகரனின் குரல் போனதும் அந்த நாலு மருமகள்களின் பயமும் கொஞ்சம் போய்விட்டது.

எதிர்நீச்சலை நாங்கள் எடுத்துக்கொள்ளாததற்கு நடிப்பு காரணம் இல்லை. எங்கள் வீட்டில் டிவி இருக்கிற ஹாலுக்கும் மகள் படிக்கும் அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். குணசேகரன் வீட்டில் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள்.

கடைசியில் அத்தைதான் ‘உப்பும் முளகும்’ என்றார்கள். மலையாள சீரியல், 2015 டிசம்பரில் ஃப்ளவர்ஸ் டிவியில் ஆரம்பித்தது. பாலுவும் நீலுவும் ஐந்து பிள்ளைகளும் இருக்கிற ஒரு வீடு. வில்லி கிடையாது, இடி சத்தம் கிடையாது, ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுவது கிடையாது. கரண்ட் பில் கட்ட மறந்தது ஒரு நாள் கதை, இருக்கிற ஒரு போனுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வது இன்னொரு நாள் கதை என்கிற அளவில்தான் எல்லாம் நடக்கும். பாலுவாக வரும் பிஜு சோபானம், காவாலம் நாராயணப் பணிக்கரின் நாடகக் குழுவில் இருந்தவர். திருவனந்தபுரம் பக்கத்து நெய்யாற்றின்கரைப் பேச்சில் அவர் இழுத்துப் பேசும்போது நடிக்கிறார் என்றே தோன்றாது. நிஷா சாரங்கின் நீலு பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே சோறு போடுவதை எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக யாரோ எடுத்ததுபோல இருக்கும். பேச்சு ஒருவர்மேல் ஒருவர் விழும், குழந்தைகள் குறுக்கே ஓடுவார்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த அரை நொடி இங்கே கிடையவே கிடையாது.

இதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கதை அன்றைக்கே முடிந்துவிடும். மற்ற சீரியல்கள் கதவு திறக்கும் சத்தத்தில் நிற்கும், யார் வந்தது என்று நாளைக்குத்தான் தெரியும். மகள் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கதவையே நினைத்துக்கொண்டிருப்பாள். எனக்கே அப்படித்தான் இருக்கும், அவளுக்குச் சொல்லவா வேண்டும்? உப்பும் முளகும் முடிந்தால் சிரித்துவிட்டு எழுந்து போகலாம். மலையாளப் பரீட்சைக்கும் காதில் நாலு வார்த்தை விழும். அதனால் எட்டு மணிக்கு இது, மூன்று பேருமாக.

எட்டரை மணி நானும் அத்தையும் மட்டும் பார்க்கிற நேரம், மெதுவான சத்தத்தில். சாந்த்வனமா, பாக்கியலட்சுமியா, குடும்பவிளக்கா என்று மூன்று நாள் பேசினோம். சாந்த்வனம் நாங்கள் இரண்டு பேரும் முழுசாகப் பார்த்தது, இன்னும் மறக்கவில்லை, அதனால் தள்ளிவைத்தோம். மற்ற இரண்டும் ஆயிரம் எபிசோடைத் தாண்டியவை. மார்ச்சுக்குள் முந்நூறு நாள்கூட இல்லை, எதையும் முடிக்க முடியாது. அப்படியென்றால் முதல் இருநூற்றைம்பது எபிசோடு எதில் நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம். பாக்கியா மசாலா ஆரம்பிப்பது, கோபி திருட்டு முழி முழிப்பது, ராதிகாவைத் தன் சிநேகிதி என்று நம்பி பாக்கியா வீட்டுக்குக் கூப்பிடுவது எல்லாமே ஆரம்பத்திலேயே வருகிறது. சுமித்ராவின் கதை சூடு பிடிப்பது அவள் அந்த வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகுதான். அதனால் எட்டரைக்குப் பாக்கியலட்சுமி, முதல் எபிசோடிலிருந்து.

அத்தைக்கு இதில் ஒரு வருத்தம். “அப்ப சுமித்ரா கல்யாணம் பாக்க முடியாதா கண்ணு?” என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டு மணிக் கணக்கில் சேராது என்று நான் சொல்வதற்குள் மகள் போனை எடுத்து அந்த எபிசோடுகளைத் தேட ஆரம்பித்துவிட்டாள். இந்த வாரம் சாப்பாடு முடிந்ததும் போடுகிறோம். பக்கத்து வீட்டு அக்காவையும் வரச்சொல்லியிருக்கிறார்கள் அத்தை.